சிவப்புக் கம்பியில் மஞ்சள் கயிறு

நல்ல மல்ட்டிமீட்டரை எப்படிப் பார்த்து வாங்குவது என்று எங்கள் ஆலையின் ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். ஆலைக்குப் பக்கத்திலேயே மூக்கண்டப்பள்ளியில் வீடு. மீட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் நின்றபடியே எனக்குப் போன் போட்டு, “சார், இது தேறுமா?” என்று கேட்பது வழக்கம். அந்தப் பெருமையில் சரி என்று ஒத்துக்கொண்டேன். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால் பெருமாளின் முகம்தான் முன்னால் வந்து நிற்கிறது. பெருமாள் அந்தப் பிரிவில் என் பக்கத்து மேசையில் வேலை செய்தவன். அவனைப் பற்றிச் சொல்லாமல் மீட்டரைப் பற்றி மட்டும் எழுதினால் எனக்குச் சோறு இறங்காது.

முதலில் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். மீட்டரைக் கையில் எடுத்ததும் விலையைப் பார்க்காதீர்கள், கம்பியைப் பாருங்கள். பாதி மீட்டர்கள் கெட்டுப்போவதில்லை, அவற்றின் கம்பிதான் உள்ளே அறுந்துபோய் ஆளை ஏமாற்றுகிறது. ஓம் அளவில் வைத்து இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொடுங்கள். எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து அசையாமல் நிற்க வேண்டும். நாட்டியம் ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இணைப்பைச் சோதிக்கும் பீப் சத்தம் தொட்ட மாத்திரத்தில் வர வேண்டும். யோசித்து யோசித்துக் கத்துகிற மீட்டர் நமக்கு வேண்டாம். ஆடியோ வேலைக்கு இன்னும் ஒன்று உண்டு. மலிவான மீட்டர் வீட்டு மின்சாரத்தைச் சரியாகக் காட்டும். ஆனால் புல்லாங்குழல் உயரத்துக்கு ஒரு ஒலியை ஆம்ப்ளிஃபயரில் விட்டு அளந்தால் குறைத்துக் காட்டும். செட்டில்தான் கோளாறு என்று நம்பி நல்ல செட்டைப் பிரித்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். ஆகவே எவ்வளவு அதிர்வெண் வரைக்கும் சரியாக அளக்கும் என்று பெட்டியோடு வரும் தாளில் படித்துப் பார்த்து வாங்குங்கள். மில்லிவோல்ட்டைத் துல்லியமாகக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் கசியும் சின்ன டிசி வோல்டேஜ்தான் ஸ்பீக்கரைக் கொல்கிறது. உள்ளே நல்ல ஃபியூஸ் இருக்க வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியதே இல்லை, ஆனாலும் சொல்கிறேன், யாரும் திறந்து பார்ப்பதில்லை.

மீட்டரைப் பற்றி எனக்கு ஏன் இவ்வளவு தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. எனக்கு நிறம் தெரியாது. மஞ்சளும் நீலமும் நன்றாகத் தெரியும். சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும் எனக்கு ஒரே குடும்பத்துப் பிள்ளைகள், யார் யார் என்று பிரித்துச் சொல்ல வராது. அடர்த்தியான சிவப்பு எனக்குக் கறுப்பாகவே தெரியும். ரெசிஸ்டர் என்கிற மின்தடையின் மதிப்பை அதன் மேலுள்ள நிறப் பட்டைகளைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். அப்படிப்பட்ட வேலையில்தான் என் ஆயுசு போயிற்று.

எங்கள் சொந்த ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம், மாந்தோப்புக் குடும்பம். எனக்கு நிறம் தெரியாது என்பது முதலில் தெரியவந்தது அந்தத் தோப்பில்தான். தோளில் சிவப்பு ஏறிய காயாகப் பறி என்பார் அப்பா. நான் எல்லாக் காயையும் ஒன்றுபோலப் பார்ப்பேன். பச்சைக் காயாகக் கூடை நிறையப் பறித்து வந்து அடி வாங்கியிருக்கிறேன். பிறகு அழுத்திப் பார்த்தும் காம்பை முகர்ந்தும் பறிக்கப் பழகிக்கொண்டேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, “பையன் நெதானமா பாத்துப் பறிக்கிறான்” என்று மெச்சினார். தெரியாததை மறைத்தால் அதற்கே பாராட்டும் கிடைக்கும் என்று அன்றைக்கே கற்றுக்கொண்டுவிட்டேன், கெட்டதைக் கற்க யாருக்கும் நாளாவதில்லை.

ஐ.டி.ஐ.யில் கறுப்பு பூஜ்யம், பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு என்று பாட்டுப்போல ஒப்பித்தேன். ஒப்பிப்பதில் வகுப்பில் என்னை மிஞ்ச ஆளில்லை. ரெசிஸ்டரைக் கையில் கொடுத்தால்தான் வியர்க்கும். அதனால் ஒரு மீட்டர் வாங்கிக்கொண்டேன். எல்லாரும் கண்ணால் படித்ததை நான் அளந்து படித்தேன். வேலைக்குச் சேரும்போது நடந்த கண் பரிசோதனையில் எழுத்துப் பலகையை மட்டும் படிக்கச் சொன்னார்கள். நான் தப்பித்தேன். என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. ஜவுளிக் கடையில் அவள் புடவையைக் காட்டினால், “உனக்குப் பிடிச்சத எடு” என்பேன். புருஷன் எதிலும் குறுக்கே நிற்க மாட்டார் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள்.

எங்கள் பிரிவின் மேற்பார்வையாளர் நஞ்சுண்டப்பா சார். அத்திப்பள்ளியிலிருந்து தினமும் எல்லை தாண்டி வருவார். பாதி கன்னடம், பாதி தமிழ். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. நம் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார், அவர் மூச்சு மட்டும் கேட்கும். போர்டில் தப்பைக் கண்டால் தப்பு எது என்று சொல்ல மாட்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த இடத்தின் மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். நாமே கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டுப் பேனாவைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நான்கு பேர் பார்க்க அந்தப் பேனாவைத் தூக்கிக்கொண்டு நடப்பதைவிட நாலு அறை வாங்கலாம்.

அவருக்கு என்னைப் பிடித்துப்போனது நான் அளப்பதால்தான். ஒரு ரெசிஸ்டரைப் போடுவதற்கு முன்னால் அளப்பேன். போர்டில் ஏற்கெனவே இருப்பதை அளக்க வேண்டுமென்றால் அதன் ஒரு கம்பிக் காலைக் கழற்றித் தூக்கிவிட்டு அளப்பேன். தூக்காமல் அளந்தால் பக்கத்து வழிகள் எல்லாம் சேர்ந்து குறைத்துக் காட்டும். அளப்பதற்கு முன்னால் பெரிய கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாகத் தணித்துவிட்டு, தணிந்ததா என்று மீட்டரில் பார்ப்பேன். மற்றவர்கள் இரண்டு செட் முடிக்கும் நேரத்தில் நான் ஒன்று முடிப்பேன். ஆனால் நான் முடித்த செட் திரும்பி வராது. நஞ்சுண்டப்பா சார் ஒருநாள் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, இனிமேல் இந்தப் பிரிவில் அளக்காமல் ஒரு பொருளும் போர்டில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு காலையில் வந்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்: “ஏனப்பா, அளதாய்தா?” அளந்து முடித்தாயிற்றா என்று அர்த்தம்.

கண் நன்றாகத் தெரிந்தவர்கள் எல்லாரும் என்னால் அளக்க ஆரம்பித்தார்கள். கயிறு விஷயம் இன்னும் மோசம். மீட்டரின் சிவப்புக் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு ஆயுத பூஜை அன்று சாமிக்கு வைத்திருந்த மஞ்சள் கயிற்றில் கொஞ்சம் எடுத்துச் சிவப்புக் கம்பியில் முடிந்துவிட்டேன். முடிவதற்கு முன்னால் எது சிவப்பு என்று பக்கத்து மேசை சரோஜாவிடம் பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அடுத்த வருஷம் பார்த்தால் பிரிவில் அத்தனை மீட்டரிலும் மஞ்சள் கயிறு. “ராசியான கயிறுப்பா, அவரு செட்டு திரும்பி வர்றதே இல்ல பாரு” என்று பேசிக்கொண்டார்கள். நானும் கற்பூரம் காட்டும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பெருமாள் இந்தக் காலத்தில்தான் எங்கள் பிரிவுக்கு வந்தான். கெலமங்கலத்துக்காரன். வீட்டில் கேரட், முட்டைக்கோஸ் பயிரிடுகிறவர்கள். அளப்பதில் கில்லாடி. நிறப் பட்டையைப் படிக்கச் சொன்னால் மட்டும் திணறுவான். “இன்னும் மனப்பாடம் ஆகலணா” என்று அசடு வழிவான். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைத்தது என்றுதான் இன்று தோன்றுகிறது. ஆனால் அந்தப் பக்கம் யோசனை போகவிடாமல் நானே பிடித்து இழுத்துக்கொண்டேன்.

தேன்கனிக்கோட்டை ரோட்டில் மைக்செட் வாடகைக்கு விடும் ஒருவரின் ஆம்ப்ளிஃபயர் எங்களிடம் திரும்பத் திரும்ப வந்தது. முதல் ஒரு மணி நேரம் அருமையாகப் பாடும். அப்புறம் குரல் கரகரக்கும், பிறகு கட்டாகிவிடும். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் நாதஸ்வரம் நின்றுபோய், அவரை அடிக்கப் போய்விட்டார்களாம். என் கையால் முடித்த செட் திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. எல்லா ரெசிஸ்டரின் காலையும் தூக்கி அளந்தேன், எல்லாம் சரி. டிரான்சிஸ்டர் சரி. ஸ்பீக்கர் முனையில் மில்லிவோல்ட் சரி. மறுபடி அனுப்பினேன், மறுபடி வந்தது. மைக்செட்காரர் நேரிலேயே வந்து பிரிவின் வாசலில் நின்றுகொண்டு, “சரிபண்ண தெரிலன்னா சொல்லிடுங்க சாமி, வேற எடம் பாத்துக்கறேன்” என்றார். நஞ்சுண்டப்பா சார் அவருக்கு டீ சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

போர்டைப் பெருமாளிடம் கொடுத்து, “கண்ணால நல்லா பாருடா, எங்கயாவது விட்டிருக்கா” என்றேன். அவன் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தான். “ஒண்ணும் தெரிலயேணா” என்றான். நானும் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. தட்டில் பொருள்களோடு அந்தப் பக்கம் போன சரோஜா எட்டிப் பார்த்தாள்.

“ஐயோ, என்னணா இது, இவ்ளோ பெருசா கருகிக் கெடக்கு! போர்டே பழுத்துப்போச்சே!”

பச்சை போர்டில் ஒரு ரெசிஸ்டரைச் சுற்றிப் பழுப்பாகக் கருகியிருந்தது. கண் உள்ளவர் யாரும் தள்ளி நின்றே பார்த்திருப்பார்கள். அந்த ரெசிஸ்டர் குளிர்ந்திருக்கும்போது சரியாகக் காட்டும், சூடானால் மதிப்பு ஓடிவிடும். நான் குளிர்ந்ததை மட்டும் அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

பிரிவே சுற்றி நின்று சிரித்தது. மைக்செட்காரரும் சிரித்தார். நஞ்சுண்டப்பா சார் வந்தார், பேனாவை எடுத்து அந்த இடத்தின் மேல் வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “ஏனப்பா, நீ நோட்லில்வா?” என்றார். நீ பார்க்கவில்லையா என்கிறார். என் வாயில் என்ன வந்தது என்பதை இப்போதும் எழுதக் கூசுகிறது. “நான் அளந்தேன் சார். பாக்கற வேலையை இவன்கிட்டதான் குடுத்தேன்” என்று சொல்லிவிட்டுப் பெருமாள் பக்கம் திரும்பினேன். “கண்ணை எங்கடா வெச்சிருக்க? கவனம் பத்தல உனக்கு. மந்தம்!” என்று கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பேனாவை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்ததும் அவன்தான்.

செட்டைச் சூடாக ஓடவிட்டு, ஓடும்போதே அளக்கும் முறையை மறுநாளே கொண்டுவந்தேன். மைக்செட்காரருக்கு அதன் பிறகு தொந்தரவு இல்லை. அந்த முறைக்கும் எனக்குத்தான் பேர் கிடைத்தது. கண்ணால் பார்த்துச் சோதிக்கும் வேலையை நஞ்சுண்டப்பா சார் சரோஜாவுக்கு மாற்றிவிட்டார், காரணம் சொல்லவில்லை. அவருக்கு என்னைப் பற்றி ஏதாவது தெரிந்திருந்ததா என்று கேட்க எனக்குத் துணிவில்லை, இப்போது கேட்க அவரும் இல்லை.

நான் ஓய்வு பெற்றேன். சால்வை போர்த்தினார்கள், அளவின் நாயகன் என்று ஒருவர் மேடையில் பேசினார். பெருமாள் அதே மேசையில் தொடர்ந்தான். அவனுக்கு வயசு ஏறி, முன்தலை வழுக்கையாகி, பிள்ளைகள் கல்லூரி போகிற காலம் வந்துவிட்டது. சமீபத்தில் ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான்.

“உள்ள வாடா, ஏன் அங்கயே நிக்கற?”

“கம்பெனில கண்ணு டெஸ்ட் வெச்சாங்கணா. புள்ளி புள்ளியா ஒரு படம் காட்டி நம்பர் என்னன்னு கேட்டாங்க. எனக்கு நம்பரே தெரில. கலர் குருடுன்னு எழுதிட்டாங்க. இந்த மாசத்தோட பேக்கிங்குக்கு மாத்தறாங்களாம்.” அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். “எனக்குக் கலர் தெரியாதுன்னு எனக்கே இப்பதான் தெரியும்ணா. அப்ப இத்தன வருசம் நான் எப்படி வேலை செஞ்சேன்? நீங்க சொல்லுங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா எங்க குவாலிட்டி மேடம் கேப்பாங்க.”

எப்படி வேலை செய்தான் என்பது எனக்குத்தான் தெரியும். என்னை மறைத்துக்கொள்ள நான் போட்ட வழக்கத்தில் அவனும் மறைந்துகொண்டு போயிருக்கிறான், அது அவனுக்கே தெரியாது. அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். உள்ளே என் மனைவி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள், அவள் காதில் விழுமே என்று வாயை மூடிக்கொண்டேன். “நாளைக்கு வரேன், பேசலாம்” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஆலைக்குப் போனேன். தரப் பிரிவின் தலைமை ஷைலஜா மேடம். என் மகள் வயசு. எழுந்து நின்று வரவேற்றார். நான் பெருமாளின் நாணயத்தைப் பற்றியும் அவன் அளக்கும் அழகைப் பற்றியும் பேசினேன். மேடம் பொறுமையாகக் கேட்டார்.

“சார், நீங்க சொன்னா நான் நம்பறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. கலர் தெரியாத ஒருத்தர் இந்த வேலைய சரியா செஞ்சு உங்க சர்வீஸ்ல பாத்திருக்கீங்களா?”

“இல்ல மேடம். பாத்ததில்ல.”

என் நாக்கு பழகிய வழியில் தானாகப் போய்விட்டது. சொன்ன பிறகுதான் சொன்னதே எனக்குத் தெரிந்தது. பெருமாள் அப்போதும் என்னை நம்பிக்கொண்டுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் எழுந்து, “பரவால்லணா, நீங்க வந்ததே போதும்” என்று என் கையைத் தொட்டான். வாழ்க்கையில் என்னை நானே காறித் துப்ப நினைத்த நேரம் அதுதான்.

நாங்கள் எழுந்ததும் மேடம் பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, மேசையில் இருந்த ஒரு மீட்டரை எடுத்துக் காட்டினார். “இந்தக் கயிறு உங்க காலத்து வழக்கமாமே சார். புது மீட்டர் வந்தா இத கட்டாம தொட மாட்டேங்கறாங்க. எந்தச் சாமிக்கு வேண்டுதல்?” என்று சிரித்தார்.

நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

“அது சாமிக்குக் கட்டினதில்ல மேடம். எனக்குச் சிவப்பு தெரியாது. எந்தக் கம்பின்னு கண்டுபிடிக்கக் கட்டினது. நீங்க கேட்டீங்களே, அப்படி ஒருத்தன பாத்திருக்கேனான்னு. தினமும் கண்ணாடில பாத்திருக்கேன்.”

மேடம் சிரிப்பை நிறுத்தினார். “அப்ப நீங்க பாஸ் பண்ணின செட்டெல்லாம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. “அளந்து பாஸ் பண்ணேன். பாக்க வேண்டியத சரோஜா பாத்தாங்க. ரெண்டும் சேந்தாதான் செட்டு தேறும். பெருமாளும் அப்படித்தான் செய்யறான், வேணும்னா அவன் முடிச்சதுல எத்தன திரும்பி வந்திருக்குன்னு பாருங்க” என்றேன். அவர் நிறையக் கேட்டார், நான் எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னேன். அளக்கும் வேலை பெருமாளிடமே இருக்கட்டும், கண்ணால் பார்க்கும் சோதனைக்கு வேறொருவரைப் போடலாம் என்று மேலே எழுதுவதாகச் சொன்னார். அடுத்த வாரம் அது உறுதியாகிவிட்டது. அவன் இப்போதும் அதே மேசையில்தான் இருக்கிறான்.

ஆனால் அன்று திரும்பும் வழியில் பெருமாள் மூக்கண்டப்பள்ளியில் என் தெரு முனையில் பைக்கை நிறுத்தினான். நான் இறங்கினேன். அவன் கிளம்பாமல் முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.

“எனக்கு மூளை கம்மின்னே நெனச்சிகிட்டு இருந்தேன்ணா” என்றான். “கலர் கோடு மனசுல நிக்க மாட்டேங்குதேன்னு வீட்ல ராவுல உக்காந்து படிச்சிருக்கேன். என் பையன் பரீட்சைல கோட்ட விட்டா, ‘என்ன மாதிரியே மந்தம்’னு திட்டுவேன். அவன் மொகம் அப்படியே செத்துப்போவும். அந்த வார்த்தை நீங்க எனக்குச் சொன்னது.”

“அந்த போர்டுல அன்னிக்கு எனக்கும் ஒண்ணும் தெரில பெருமாளு. என்ன மன்னிச்சிடு” என்றேன்.

“அத அன்னிக்கு சொல்லிருக்கணும்ணா. அங்க எல்லாரும் இருந்தாங்க. இன்னிக்கு அந்த ரூம்ல மேடம் மட்டும்தான் இருந்தாங்க.”

பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. அன்று சுற்றி நின்று சிரித்தவர்களில் பலர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள், மற்றவர்கள் வீட்டுக்கும் இந்த மலர் போகும். மீட்டரைப் பற்றி நான் எழுதியதைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் படியுங்கள். அந்த மைக்செட் ஆம்ப்ளிஃபயரில் கருகியிருந்த இடம் என் கண்ணுக்கும் தெரியவில்லை. அந்தப் பேனாவை எடுத்துக்கொண்டு நடந்திருக்க வேண்டியவன் நான். பெருமாளுக்குக் கவனம் பத்தாது, அவன் மந்தம் என்று உங்கள் எல்லாருக்கும் முன்னால் நான் சொன்னது பொய்.